நீங்கள் முதல் போங்கோ

"வரிசையில நிண்டு பொறுக்கத் தெரியாத பிள்ளை நீ. நேர்ஸிங் படிச்சு ஆரைப் பாக்கப்போறாய்?"

கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் ஒரு பஸ் தரிப்பில் வைத்து அன்ரி என்னிடம் இப்படிக் கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. கோபத்தோடு நின்றவள் நான். சற்று முன் வந்த பஸ்ஸுக்கு எங்களுக்கு முன்னால் இரண்டே பேர்தான் நின்றார்கள். பஸ் வந்ததும் அன்ரி, பின்னால் தள்ளுவண்டியோடு நின்ற ஒரு தாயை முதலில் ஏறச் சொன்னார். பிறகு பொல்லு ஊன்றிய ஒரு கிழவரை. பிறகு பள்ளிக்கூடப் பைகளோடு சிரித்துக்கொண்டு நின்ற மூன்று பெண்களை. அந்த மூவருக்கும் ஏன் இடம் விட்டார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பஸ் நிரம்பிவிட்டது என்று சாரதி கையைக் காட்டிக் கதவை மூடிவிட்டான். கண் ஆஸ்பத்திரியில் எங்களைப் பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அப்போது மணி பத்து.

"அன்ரி, பஸ் போட்டுது."

"அடுத்தது வரும்தானே, பிள்ளை."

"பஸ் வரும். உங்கட கண் வராது."

அதற்குத்தான் அந்தக் கேள்வி வந்தது. என் கல்லூரிப் பையில் நேர்ஸிங் படிப்புக்கான விண்ணப்பப் படிவம் அப்போது இருந்தது. அன்ரிக்கு அது தெரியும். அதனால்தான் அது என்னைச் சுட்டது.

நாங்கள் இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் அவர் தனியாக இருந்தார். மேல்தளத்தில் அம்மா, அப்பா, நான். எனக்குப் பத்தொன்பது வயது, அவருக்கு அறுபத்தெட்டு. கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் கனடாவில். மெலிந்த, உயரமான மனுசி. குளிர்காலத்தில் சேலைக்கு மேல் ஆம்பிளைகளின் கறுப்புக் கோட்டு ஒன்றைப் போட்டிருப்பார். இவ்வளவுதான் அவரைப் பற்றிப் பார்த்துச் சொல்லக்கூடியது. மிச்சமெல்லாம் அவர் வரிசையில் நிற்கும்போதுதான் தெரியும்.

அதற்கென்று அவரிடம் ஓர் அசைவு இருந்தது. இடது பக்கம் அரை அடி விலகுவார். வலது உள்ளங்கையை விரித்து, திரைச்சீலையை ஒதுக்குவதுபோல் மெதுவாக முன்னே நீட்டுவார். "நீங்கள் முதல் போங்கோ. எனக்கென்ன அவசரம்?" தமிழ் தெரியாதவர்களுக்கும் அந்தக் கை விளங்கும். வெள்ளைக்காரரும் போவார்கள், சோமாலியரும் போவார்கள், எங்கள் ஆட்கள் ஒருமுறை "இல்லை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் முருங்கைக்காய் வந்திறங்கும் வெள்ளிக்கிழமைகளில் நானும் அவரும் சேர்ந்து கடைக்குப் போவோம். கட்டு எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கல்லாவுக்கு முன்னால் ஐந்தாவதாக நிற்பார். நான் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் ஒன்பதாவதாகியிருப்பார். ஒருநாள் கடை வாசலில் எதிர்வீட்டு ஜமேக்கா மனுசி உள்ளே வர, அன்ரி வெளியே போக, இருவரும் ஒரே சாதி ஆட்கள்! அவர் "நீங்கள்" என்கிறார், இவர் "நீங்கள்" என்கிறார். தை மாதக் குளிர். கடைக்காரர் உள்ளேயிருந்து கத்தினார்: "அம்மாமாரே, ஆராவது ஒராள் வெல்லுங்கோவன்! கடைக்குள்ள பனி கொட்டுது!"

கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையில் முன்னுக்கு நின்று கடைசியாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார். "பாயாசம் முடிஞ்சு போச்சு, பிள்ளை," என்று ஏதோ பரிசு கிடைத்ததுபோல் என்னிடம் சொன்னார்.

அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. "அவ தெய்வம்."

"தெய்வமெண்டால் உள்ளுக்கை இருந்திருப்பா. வரிசையில நிண்டிருக்கமாட்டா," என்றேன்.

அம்மா அகப்பையை ஓங்கினார்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்று சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா பள்ளிக்கூடத்துக்கு மூன்று நாள் போனவர். மூன்று நாளும், மற்றப் பிள்ளைகள் எல்லாரும் இருந்த பிறகு இடம் இருந்தால் இருக்கலாம் என்று வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். நான்காம் நாள் அவர் போகவில்லை. அம்மா கிணற்றடியில் மற்றவர்கள் அள்ளி முடியும்வரை குடத்தோடு நின்று வளர்ந்தவர். எங்கள் ஆட்கள் யாருக்கும் இடம் விட்டுக்கொடுத்ததில்லை, விட்டுக்கொடுக்க எங்களிடம் இடம் இருந்ததில்லை. நான் லண்டனுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் முன்வரிசை வாங்கில் இருந்து, எல்லாருடைய படிவங்களையும் நிரப்பிக் கொடுக்கிற பிள்ளையாக வளர்ந்தது, ஒருமுறைகூடப் பின்னுக்குப் போகாமல்தான். விட்டுக்கொடுப்பது, எப்போதும் இடம் இருந்தவர்களுக்கு அழகாக இருக்கலாம். அன்ரிக்கு ஊரில் எங்கேயும் முன்வரிசைதான். ஆனால் அவர் எங்கள் குசினியில் வந்திருந்து, அம்மா போட்ட சோற்றை அம்மாவோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர். அதனால் அவரை வெறுக்கவும் எனக்கு வழியில்லை. அதுவும் எரிச்சல்தான்.

கண்ணில் பிழை என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. வீட்டில்தான் பிழை என்று அன்ரி சொன்னார். "கதவு நிலை வளைஞ்சு கிடக்குது. வீட்டுக்காரனுக்குச் சொல்லவேணும்." அப்பா நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். நிலை நேராகத்தான் நின்றது. அடுத்த கிழமை குளியலறை ஓடுகள் வளைந்தன என்றார். அதற்கடுத்த கிழமை, எங்கள் அம்மாவின் முகத்துக்கு நடுவில் மூக்கு நெளிகிறது என்றார். நான் என் கையால் அவருடைய இடக்கண்ணைப் பொத்தினேன். "இப்ப கதவைப் பாருங்கோ."

"நேரா நிக்குது."

வலக்கண்ணைப் பொத்தினேன்.

"வளையுது."

மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்த்தவுடனே கடிதம் எழுதிக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டொக்டர் ஒரு படத்தைக் காட்டி விளங்கப்படுத்தினார். கண்ணின் பின்சுவரில், நடுப்பார்வை இருக்கும் இடத்தில், இருக்கக் கூடாத சின்ன இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. கசிவை நிறுத்தும் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே ஊசியால் போடவேண்டும். முதல் மூன்று ஊசி மாதம் ஒன்று, பிந்தக் கூடாது. பிந்தினால் கசிவு தழும்பாகிவிடும், தழும்புக்கு மருந்தில்லை.

ஊசியால் வரக்கூடிய ஆபத்தையும் அவர் மறைக்கவில்லை. மிக அரிதாகக் கண்ணுக்குள் கிருமி போய்விடலாம். போனால் ஓரிரு நாளில் பார்வையையே எடுத்துவிடும். அதற்காகத்தான் கண்ணை மரத்துப்போக வைத்து, மண்ணிற மருந்தால் கழுவி, முகத்தைத் துணியால் மூடி, இமைகளைக் கம்பியால் விரித்துப் பிடித்துப் போடுகிறார்கள். ஊசி போடும்போது யாரும் பேசுவதில்லை. ஒரு மூச்சும் கண்ணில் படக் கூடாது. நான் ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்த்தேன். கண்ணுக்குள் ஊசி என்றவுடன் அன்ரி பயப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"பிள்ளை, ஒண்டு கேள். இந்த மருந்து எல்லாருக்கும் காணுமோ? எனக்குப் போட்டால் வேற ஆருக்கும் இல்லாமப் போகாதே?"

அந்த மருந்து அப்போது புதிது. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லை என்று பத்திரிகைகளில் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். டொக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

முதல் ஊசி நல்லபடியாக முடிந்தது. "எறும்பு கடிச்ச மாதிரிக்கூட இல்லை. கறுப்புக் குமிழ் ஒண்டு உள்ளுக்கை ஓடித் திரியுது," என்றார். குமிழ் இரண்டு நாளில் போய்விடும் என்று தாளில் போட்டிருந்தது. அந்தத் தாளை நான் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். கண் நொந்தால், கூடக்கூடச் சிவந்தால், வெளிச்சம் கூசினால், பார்வை முந்தியதைவிட மங்கினால் அன்றைக்கே போன் பண்ணவேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. கண்ணைக் கசக்கக் கூடாது. சொன்ன நாள்வரை கண்ணுக்குள் தண்ணீர் படக் கூடாது.

அன்ரி எல்லாவற்றையும் கேட்டு நடந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். வலியை மறைத்து "ஒண்டுமில்லை" என்கிற ஆள் அவர் இல்லை. காலையும் மாலையும் நான் கீழே போய் அந்த நான்கு கேள்விகளையும் கேட்பேன். அவர் நான்குக்கும் நிதானமாக, யோசித்துப் பதில் சொல்வார். தலைக்குக் குளிக்கவில்லை. நெற்றியிலிருந்து தூள் கண்ணில் விழுந்துவிடும் என்று ஒரு கிழமை திருநீறுகூடப் பூசவில்லை. "கடவுளிட்டச் சொல்லிப்போட்டன்," என்றார். இப்படி ஒரு நோயாளி கிடைக்க நேர்ஸ்மார் தவம் செய்யவேண்டும். அவரால் முடியாதது ஒன்றே ஒன்றுதான். தனக்கென்று தந்த இடத்தில் நிற்பது.

இரண்டாவது ஊசிக்கு இரண்டு நாள் முன்பு கிளினிக்கிலிருந்து போன் வந்திருக்கிறது. நான் கல்லூரியில். அன்று ஆட்கள் கூடிவிட்டார்கள், நீங்கள் மூன்று கிழமை கழித்து வந்தால் பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். அன்ரிக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மிக நன்றாகத் தெரிந்தது இரண்டே சொற்கள். "நோ புறொப்ளம்."

நாட்காட்டியில் அவர் கையால் திருத்தியிருந்ததை ஊசி நாளன்று காலையில்தான் பார்த்தேன். போன் பண்ணினேன். அந்த அம்மாவே சம்மதித்தாரே என்றாள் கிளினிக்கில் தவணை எழுதுகிற பெண். அன்றைய பட்டியல் நிரம்பிவிட்டது.

மூன்று கிழமை கழித்துப் போனபோது, எழுத்துப் பலகையில் அன்ரி இடக்கண்ணால் முன்பு வாசித்ததில் இரண்டு வரி குறைந்துவிட்டது. ஏன் பிந்தினீர்கள் என்று டொக்டர் கேட்டார்.

"ஆரோ அவசரமா வந்தவையாம்," என்றார் அன்ரி.

"உங்களுடையதும் அவசரம்தான்," என்றார் டொக்டர்.

அதை நான் தேவைக்கு அதிகமாகச் சத்தமாக மொழிபெயர்த்தேன். காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது அந்த பஸ் தரிப்புக்கு வருகிறேன். அது மூன்றாவது ஊசி நாள். பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்ததைப் பிடித்து, கிளினிக் வாசலுக்குப் போனபோது பதினொரு மணி. அன்ரியைக் கதிரையில் இருத்திவிட்டு, எங்கள் இடம் போய்விட்டதா என்று கேட்க வரவேற்பு மேசைக்குப் போனேன். அங்கே ஐந்து பேர் நின்றார்கள். நான் யாருக்கும் இடம் விடவில்லை. என் முறை வந்தது. கோப்பு உள்ளே போய்விட்டது, கூப்பிடுவார்கள் என்றாள் அந்தப் பெண். நிம்மதியாகத் திரும்பி வந்தேன்.

அன்ரி கைகளை மடியில் கட்டிக்கொண்டு அமைதியாக இருந்தார். பக்கத்துக் கதிரையில் ஒரு சாப்பாட்டுப் பை மட்டும் இருந்தது.

"இது ஆற்ற?"

"ஒரு தம்பியின்ர. யாழ்ப்பாணம்தான். பாவம், ஒம்பது மணியில இருந்து காவல். ரெண்டு மணிக்கு வெம்பிளியில ஷிப்டாம். என்ர பேரைக் கூப்பிட்டவை. நீங்கள் முதல் போங்கோ தம்பி, நான் பிறகு போறன் எண்டு அனுப்பிவிட்டனான்."

"எங்க அனுப்பினீங்கள்?"

"உள்ளுக்கை."

கோப்பில் அன்ரியின் பெயருக்குப் பின்னால் இருந்தது அவருடைய கணவரின் பெயர். எங்கள் எல்லாப் பெண்களுக்கும் இங்கே அப்படித்தான். நேர்ஸ் அந்தக் கடைசிப் பெயரை மட்டும்தான் கூப்பிடுவாள்: குணரத்தினம். அது ஆணா பெண்ணா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அன்ரியைப் பொறுத்தவரை அது முருங்கைக்காய் வரிசை. முன்னால் போகிறவருக்கு அவருக்குரியது கிடைக்கும், பின்னால் போகிறவருக்கும் அவருக்குரியது. ஆனால் அந்த அறைக்குள் ஆளுக்கு முன்னால் கோப்பு போகிறது. கோப்பில் எழுதியிருந்தது: இடக்கண்.

ஓடினேன். ஊசி அறைக் கதவில் உள்ளே வரக் கூடாது என்று எழுதியிருந்தது. தட்டினேன். பதில் இல்லை. மறுபடியும் தட்டினேன். முகமூடி போட்ட நேர்ஸ் ஒரு கை அகலத்துக்குக் கதவைத் திறந்து, காத்திருக்கச் சொன்னாள்.

நான் காத்திருக்கவில்லை. "குணரத்தினம் ஒரு பெண்," என்றேன்.

"நீங்கள் குணரத்தினமா என்று கேட்டேன். ஆம் என்றாரே."

"இடக்கண்ணா என்று கேட்டீர்களா?"

"கேட்டேன். ஆம் என்றார்."

"எதைக் கேட்டாலும் ஆம் என்றுதான் சொல்வார். அவருக்கு இரண்டு மணிக்கு வேலை."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி ஒரே ஒரு சொல் சொன்னாள்: "நிறுத்துங்கள்." திறந்திருந்த இடைவெளியால் பார்த்தேன். கட்டிலில் ஓர் ஆள், முகம் முழுக்க நீலத் துணி. துணியின் ஓட்டையில் ஒரு கண் மட்டும், மண்ணிற மருந்து பூசி, கம்பியால் விரித்துப் பிடித்தபடி, எங்கேயும் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடக்கண். டொக்டரின் கையில் ஊசி. அவர் அதை மிக மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டு, சுழல் கதிரையில் இருந்துவிட்டார்.

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"முடிஞ்சுதோ? நோகவேயில்லை!"

அந்த மனிதருக்கு நோய் வலக்கண்ணில். சீனி வருத்தத்தால் வந்த வீக்கம். அவர் பார்த்து வேலை செய்துகொண்டிருந்தது இந்த இடக்கண்ணால்தான்.

கழுவித் துடைத்து எழுப்பி இருத்தியதும், ஏன் ஆம் என்றீர்கள் என்று டொக்டர் கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"அக்கா போகச் சொன்னவ. அவ எல்லாம் சொல்லிவைச்சிருப்பா எண்டு நினைச்சன். இல்லையெண்டு சொன்னால் திருப்பி வெளியில இருத்திப்போடுவினம், தங்கச்சி."

அதன் பிறகு பட்டியல் நின்றது. பெரிய நேர்ஸ் வந்தார், படிவங்கள் வந்தன, எல்லாரும் எழுதினார்கள். ஒன்றரை மணி நேரம் யாரையும் கூப்பிடவில்லை. கடைசியில் பெரிய நேர்ஸ் எங்களிடம் வந்து, இன்று நேரம் போதாது, அடுத்த கிழமை வர முடியுமா என்றார். நான் மொழிபெயர்க்கும் முன்பே அன்ரிக்கு அது விளங்கிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நோ புறொ..."

"இருங்கோ அன்ரி."

என் குரல் எனக்கே அம்மாவின் குரல்போல் கேட்டது. அன்ரி இருந்துவிட்டார். நான் பெரிய நேர்ஸிடம் சொன்னேன்: இன்று நடந்ததில் எங்கள் பக்கமும் பிழை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போனமுறை நீங்கள் பிந்தச் சொல்லி இவர் பிந்தியதில் இரண்டு வரி போய்விட்டது. அது திரும்பி வரவில்லை. இன்று ஊசி போடாமல் நாங்கள் போகமாட்டோம். கடைசி ஆளாகப் போட்டாலும் சரி. இங்கேதான் இருப்போம்.

இருந்தோம். அந்த மனிதருக்கு வலக்கண்ணில் போட்டு அனுப்பினார்கள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எங்களுக்குத் தலையாட்டிவிட்டு ஓடினார். மணி இரண்டரை. மற்றவர்கள் ஒவ்வொருவராக முடிந்து போனார்கள். ஐந்து மணிக்கு அந்த நேர்ஸ் கதவடியில் வந்து நின்றாள். பெயரைக் கூப்பிடவில்லை. எங்களிடம் நடந்து வந்து, அன்ரிக்கு முன்னால் குனிந்து, "உங்கள் பெயர் என்ன? பிறந்த நாள் என்ன? எந்தக் கண்? விரலால் காட்டுங்கள்," என்றாள். நான் தமிழில் சொன்னேன். அன்ரி எல்லாவற்றையும் சொல்லி, இடக்கண்ணைத் தொடாமல் அதன் முன்னால் விரலை நீட்டினார். பிறகு என்னிடம் மெதுவாக, "ஏன் பிள்ளை, இவைக்கு இன்னும் தெரியாதோ?" என்று கேட்டார்.

பஸ்ஸில் போகும்போது அவர் கவலைப்பட்டது ஒன்றுக்கு மட்டும்தான். "பாவம், அந்தத் தம்பிக்கு ஷிப்ட் போயிட்டுது."

எனக்குத் தாங்கவில்லை. "அன்ரி, அந்த ஆளின்ர நல்ல கண்ணுக்கை ஊசி போயிருக்கும். தேவையில்லாத ஊசி. அதுக்குள்ள கிருமி போயிருந்தால்? ரெண்டு கண்ணும் இல்லாமல் அந்த ஆள் எந்த ஷிப்டுக்குப் போறது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிளேஸ்டோவில் இறங்கி நடக்கும்போது சொன்னார்: "நான் இடத்தைத்தானே குடுத்தனான். கண்ணைக் குடுக்கேல்லையே."

"அங்க ரெண்டும் ஒண்டுதான்."

"கொஞ்சம் நிண்டால் எனக்கென்ன பிள்ளை குறையப்போகுது?"

"ரெண்டு வரி குறைஞ்சது, அன்ரி. எண்ணிப் பாத்தவை."

அவர் வாசலில் திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தார். இடது பக்கம் அரை அடி விலகி, என்னை முதலில் போகச் சொல்லிக் கையை நீட்டினார். நான் அங்கேயே நின்றேன். அவரும் நின்றார். அம்மா மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "ஏன் ரெண்டு பேரும் காவல் நிக்கிறியள்?" என்று கேட்டார்.

அடுத்த ஊசித் தவணையில் நேர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். நான் அவளிடம் சொன்னேன்: எங்கள் ஆட்களிடம் "நீங்கள் இன்னாரா?" என்று கேட்காதீர்கள். ஆம் என்றுதான் பதில் வரும். மரியாதைக்கும் ஆம், பயத்துக்கும் ஆம், விளங்காவிட்டாலும் ஆம். அவர்கள் வாயால் பெயரைச் சொல்ல விடுங்கள். அவள் எழுதிக்கொண்டாள். பிறகு, காத்திருக்கும் இடத்தில் போடத் தமிழில் ஓர் அறிவித்தல் எழுதித் தருவாயா என்று கேட்டாள். வீட்டில் நான்குமுறை எழுதிக் கிழித்து, ஐந்தாவதைக் கொடுத்தேன்.

"இங்கே உங்கள் முறை உங்களுக்கு மட்டுமே உரியது. தயவுசெய்து அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம். மருந்தும் கண்ணும் ஆளுக்கு ஆள் வேறு."

அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அப்பாவை ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டினேன். எழுத்துத் தெரியாத மனுசன் கண்ணாடியில் விரலை வைத்து, ஒவ்வொரு வரியின் நீளத்தையும் அளந்து பார்த்தார். "இவ்வளவும் நீ எழுதினதோ?" என்றார்.

அன்ரியும் அதை வலக்கண்ணால் வாசித்தார். "எழுத்து வடிவா இருக்குது, பிள்ளை," என்றார். பிறகு, நின்றுகொண்டிருந்த ஒரு பஞ்சாபிக் கிழவிக்குத் தன் கதிரையைக் கொடுத்துவிட்டு, சரியாக அந்த அறிவித்தலுக்குக் கீழே போய் நின்றார்.

இடக்கண்ணின் நடுவில் ஒரு மங்கல் தங்கிவிட்டது. அதற்கு மேல் மோசமாகவில்லை. போன அந்த இரண்டு வரியும் வரவில்லை. அடுத்த வருடம் மகன் வந்து அவரைக் கனடாவுக்குக் கூட்டிப்போனார். அவர் போன பிறகுதான் அம்மா எனக்கு ஒன்றைச் சொன்னார். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், வெளிச்சமான மேல்தளத்தை வீட்டுக்காரன் முதலில் அன்ரிக்குத்தான் பேசியிருந்தானாம். "உங்களிட்டப் படிக்கிற பிள்ளை இருக்கு, ஜன்னலுக்குப் பக்கத்தில மேசை போடலாம்," என்று சொல்லி, அன்ரி ஈரம் ஊறுகிற கீழ்த்தளத்துக்குப் போனாராம். பத்து வருடம் நான் அந்த ஜன்னலடியில் இருந்து படித்திருக்கிறேன். முட்டி மோதி நானே பிடித்த இடம் என்று நினைத்துக்கொண்டு. கேட்டதும் எனக்கு வந்தது நன்றியில்லை, எரிச்சல்தான். முதலிலேயே சொல்லியிருக்கலாமே! சொன்னால் நான் இருந்திருக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

போன கிழமை கனடாவுக்குப் போன் எடுத்தேன். முதலில் அந்த நான்கு கேள்விகளையும் கேட்டேன். நான்குக்கும் யோசித்துப் பதில் சொன்னார். தவணைகள் பிந்தவில்லை, மருமகள் விடுவதில்லையாம். பிறகு எனக்கு நேர்ஸிங் படிக்க இடம் கிடைத்திருப்பதைச் சொன்னேன். ஆட்கள் கூடிவிட்டார்கள், நீங்கள் அடுத்த பிரிவோடு சேர்ந்தால் பரவாயில்லையா என்று பல்கலைக்கழகத்தில் கேட்டதையும் சொன்னேன்.

"நீ என்ன சொன்னனீ?"

"பரவாயிருக்கு, இப்பவே சேருறன் எண்டு சொன்னனான்."

சிரிப்பார் என்று நினைத்தேன்.

"அந்த இடத்துக்குப் பின்னால ஆரும் பிள்ளை காத்துக்கொண்டு நிண்டதோ?"

"நிண்டிருக்கும், அன்ரி."

"பாவம்," என்றார்.

நான் போனை வைத்தேன். அதற்கு முதல் நாளே போய்ச் சீருடைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.